பிலிம் கழுவும் டேங்க், ரீல், பாட்டில் பராமரிப்பு: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்க்க வேண்டும்

வீட்டில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவி, நெகட்டிவ்வில் ஏதாவது கோளாறு தெரிந்தால் முதல் சந்தேகம் டெவலப்பர் (படத்தைத் தோன்றச் செய்யும் ரசாயனம்) மேல் போகும், இல்லாவிட்டால் பிலிம் மேல், அதுவும் இல்லாவிட்டால் கேமரா மேல். பெரும்பாலும் காரணம் அதைவிடச் சாதாரணமானது. போன தடவை வேலை முடிந்தபின் டேங்கிலோ ரீலிலோ தங்கிவிட்ட காய்ந்த ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கச் செய்யும் ரசாயனம்), வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) பிசுக்கு, போர் தண்ணீரின் உப்பு, அல்லது வெறும் ஈரம். அதனால் புது டெவலப்பர் வாங்கப் போகும் முன் சாமான்களைப் பாருங்கள். கீழே சொல்வது பேட்டர்சன் கம்பெனி மாதிரியான பிளாஸ்டிக் டேங்க் (பிலிம் கழுவும் வெளிச்சம் புகாத தொட்டி), பிளாஸ்டிக் ரீலை (பிலிமைச் சுற்றி டேங்குக்குள் வைக்கும் சுருள்) மனதில் வைத்து. ஸ்டீல் ரீலுக்கு வேண்டியதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பிலிம் ரீலில் பாதி ஏறி நின்றுவிடுகிறது

அதிகம் பேரை அழவைப்பது இதுதான். இருட்டுப் பைக்குள் (வெளிச்சம் புகாத துணிப் பை) கை, பிலிம் பாதி ஏறியிருக்கிறது, திருகத் திருக நகரவில்லை, கொஞ்சம் அழுத்தினால் மடிகிற சத்தம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அழுத்தாதீர்கள். ரீலையும் பிலிமையும் அப்படியே டேங்குக்குள் போட்டு, நடுக் குழாயையும் வைத்து, புனல் மூடியைத் திருகி மூடிவிட்டுக் கையை வெளியே எடுங்கள். பைக்குள் கை வியர்த்து உள்ளே காற்றே ஈரமாகியிருக்கும். ஈரம் குடித்த ஜெலட்டின் (பிலிம் மேல் பூசிய படலம்) ஒட்டும், எவ்வளவு பலம் கொடுத்தாலும் நகராது. கையைத் துடைத்து, பையைத் திறந்து ஆற விட்டு, அரை மணி கழித்து ஃபேன் அடியிலோ ஏசி அறையிலோ மறுபடி முயன்றால் பல தடவை சுலபமாக ஏறிவிடும். பைக்குள் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து அதற்குள் வேலை செய்தால் துணி கையில் ஒட்டாது, உள்ளே காற்றுக்கும் இடம் இருக்கும்.

இது அடிக்கடி நடந்தால் ரீலைப் பாருங்கள். வெளிச்சத்தில், வீணான ஒரு பழைய பிலிமை ஏற்றிப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடத்துத் தடத்தில் ஏதோ படிந்திருக்கிறது அல்லது தடம் உடைந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இழுத்து இழுத்துப் போனால் ரீல் முழுக்கப் பிசுக்கு. தடத்தின் ஓரத்தை விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி மெல்லிசாக வரும். கடைசி அலசலில் பிலிமை ரீலோடு சேர்த்து வெட்டிங் ஏஜென்டில் முக்குவதால் வருவது அது. அந்தத் திரவம் பிளாஸ்டிக்கில் காய்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு படலம் கூடிக்கொண்டே போகும், அடுத்த தடவை பிலிம் அதில் போய் ஒட்டும்.

சுத்தம் செய்வது கடினமில்லை. ரீலின் இரு பாதியையும் வழக்கமான நிறுத்தத்தைத் தாண்டித் திருகித் தனித்தனியாகப் பிரியுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடா, அதில் அரை மணி ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் ஒவ்வொரு தடத்தையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் அதுவும் ஒரு சோப்பு, பிறகு நிறைய தண்ணீரில் அலச வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு வாஷிங் சோடாதான் பிடிக்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பிலிம் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன எஃகு உருண்டைகளைத் தனியாகக் கவனியுங்கள். பிலிமைப் பிடித்து முன்னால் தள்ளுவது அவைதான். ரீலைக் காதருகே ஆட்டினால் இரண்டும் கலகலவென்று உருள வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் மட்டும் இழுத்து, பிலிம் கோணலாகிச் சிக்கும். சுடுதண்ணீரில் விடவில்லை என்றால் உப்பு பிடித்திருக்கிறது, சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறப்போடுங்கள் (அளவு கீழே வருகிறது).

அப்புறம் உலர்த்துவது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் ரீலில் உருண்டைக்குப் பின்னால் ஒரு சொட்டு ஒளிந்திருக்கும், அந்த ஒரு சொட்டு போதும் பிலிமை நிறுத்த. உதறி, நிழலில் ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி வையுங்கள். ஹேர் டிரையரின் சூட்டை ரீல் மேல் காட்டாதீர்கள். கடற்கரை ஊர்களிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஃபேன் காற்றே ஈரம்தான், அப்போது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு முந்தின நாளே ரீலைப் போட்டு வைத்தால் நல்ல பலன் கிடைக்கும். ஒரே நாளில் இரண்டு ரோல் கழுவ வேண்டுமா, இரண்டு ரீல் வைத்துக்கொள்ளுங்கள். ஈர ரீலைத் துடைத்து உடனே உபயோகிக்கும் வழி பிளாஸ்டிக்கில் கிடையாது.

ரீல் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கிறது, இன்னும் சிக்குகிறதா? பிலிமின் முன் முனை இரண்டு மூலையையும் கத்தரிக்கோலால் லேசாக வெட்டி மழுக்கிவிடுங்கள். வெட்டும்போது ஓரத்துத் துளையின் குறுக்கே வெட்டு விழக் கூடாது, பாதித் துளை கொக்கி மாதிரி மாட்டும்.

டெவலப்பரில் நுரை

டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தியதும் புனல் வழியாகப் பார்த்தால் நுரை அடங்காமல் நிற்கிறது, பிறகு நெகட்டிவ்வின் ஒரு விளிம்பில் திட்டுத் திட்டாக அடர்த்தி மாறுகிறது என்றால், இதுவும் அதே பிசுக்குதான். டேங்கிலோ ரீலிலோ தங்கிய வெட்டிங் ஏஜென்ட் டெவலப்பரோடு கலந்து நுரைக்கிறது, நுரை தொட்ட இடத்துக்கு டெவலப்பர் சரியாகப் போய்ச் சேருவதில்லை. எல்லாவற்றையும் சுடுதண்ணீரில், தண்ணீரில் குமிழ் வருவது நிற்கும் வரை அலசுங்கள்.

இனி வராமல் இருக்க, கடைசி முக்கு டேங்குக்குள் நடக்கக் கூடாது. பிலிமை முதலில் ரீலிலிருந்து கழற்றி, வேறொரு கிண்ணத்தில் வெட்டிங் ஏஜென்ட் கரைத்து அதில் முக்குங்கள். அந்தக் கிண்ணம் வேறு எதற்கும் போகக் கூடாது. இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே மேலே சொன்ன ரீல் தொல்லையும் பெருமளவு போய்விடும், அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சின்ன வட்டங்கள், ஒரு ஓரம் முழுக்க மெலிவு

நெகட்டிவ்வில் கண்ணாடி மாதிரித் தெளிவான சின்ன வட்டங்கள் காற்றுக் குமிழ் ஒட்டிய இடங்கள். டெவலப்பர் ஊற்றியதும் டேங்கின் அடியை மேசையில் ரெண்டு மூன்று தட்டு தட்டுங்கள். ஒரு நீள ஓரம் பூராவும் மெலிந்திருந்தால் டெவலப்பர் ரீலை முழுக்க மூடவில்லை. பேட்டர்சன் டேங்கில் ஒரு 35 மி.மீ ரோலுக்கு 290 மி.லி, அதைவிட அகலமான 120 ரோலுக்கு 500 மி.லி. அளவு சரியாக இருந்தும் வந்தால், குலுக்கலில் ரீல் நடுக் குழாயில் மேலே நகர்ந்திருக்கிறது. ரீலைப் பிடித்து நிறுத்தும் கிளிப் தளர்ந்ததா, தொலைந்ததா பாருங்கள். கிளிப் இல்லையென்றால் மேலே ஒரு காலி ரீலைச் சேர்த்துப் போடலாம், ஆனால் டேங்கின் உயரம் இடம் கொடுக்க வேண்டும்.

காய்ந்த பிலிமில் வெள்ளைப் புள்ளிகள், வழிந்த கோடுகள்

இது நம் தண்ணீரின் பரிசு. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், சொட்டு காயும்போது தண்ணீர் போய் உப்பு நிற்கிறது. பளபளப்பான பக்கத்தில் இருந்தால் வாய்ஆவி பட வைத்து மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். எமல்ஷன் பக்கத்தில் (படம் பதியும் மங்கலான பக்கம்) இருந்தால் துடைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, புதிதாக வெட்டிங் ஏஜென்டில் முக்கி மறுபடி தொங்கவிடுங்கள். அதற்கும் போகாத உப்பு, நீர்த்த ஸ்டாப் பாத்தில் (டெவலப் ஆவதை நிறுத்தும் அமிலக் கரைசல்) ஓரிரு நிமிடம் வைத்தால் கரையும், பிறகு நன்றாக அலச வேண்டும்.

கடைசி முக்குக்கு மட்டுமாவது டிஸ்டில்டு வாட்டர் உபயோகியுங்கள், ரோலுக்கு அரை லிட்டர் போதும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் இதற்குப் போதுமானது. வாங்கும்போது லேபிளை வாசியுங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ தண்ணீரும் ஊருக்கு ஊர், மெஷினுக்கு மெஷின் மாறும், சிலவற்றில் ருசிக்காகத் தாது உப்பை மறுபடி கலக்கிறார்கள். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) ஒன்று வாங்கி வைத்தால் சந்தேகம் தீரும், டிஸ்டில்டு என்று விற்பது பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

தண்ணீர் நல்லது, கோடு மட்டும் எண்ணெய் மாதிரி வழிந்திருக்கிறதா? வெட்டிங் ஏஜென்ட் அதிகம். கோடாக் ஃபோட்டோ-ஃப்ளோ 200 என்றால் 1:200, அதாவது அரை லிட்டருக்கு 2.5 மி.லி. மூடியில் ஊற்றி அளக்காமல் மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்து போடுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் அதிலும் பாதி போதும் என்பது என் அபிப்பிராயம்.

உப்பு பிலிமோடு நிற்காது. மெஷரிங் ஜாரின் உள்சுவரில் வெள்ளைப் படலம், டேங்கின் அடியில் சொரசொரப்பு, ரீலின் உருண்டை இறுகுவது எல்லாம் அதன் வேலை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசினால் போகும். அதற்கு முன் ஃபிக்ஸர் மிச்சம் இல்லாமல் வெறும் தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். ஆசிட்டும் ஃபிக்ஸரும் சேர்ந்தால் கந்தகம் பிரிந்து, மூக்கைப் பிடுங்கும் சல்பர் டை ஆக்சைடு வரும், ரீல் மேல் மஞ்சள் வெள்ளைப் பொடியும் படியும்.

பிலிமில் கருமை படர்ந்திருக்கிறது, ஓரத் துளைகள் வரை

முதலில் நடுக் குழாய். அது இல்லாமல் டேங்கை மூடினால், மூடி இறுகி உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் புனல் வழியாக வெளிச்சம் நேரே ரீலில் விழும். ஒற்றை ரீலைப் போட்டுவிட்டு அவசரத்தில் குழாயை வெளியே விடுவது சகஜம், ஆகவே பையை மூடும் முன் உள்ளே இருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிப் பாருங்கள்: டேங்க், குழாய், ரீல், புனல் மூடி, கத்தரிக்கோல், ரோல். புனல் மூடி டக்கென்று பூட்டும் சத்தமும் கேட்க வேண்டும்.

டேங்க் சரி என்றால் பை. ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு பைக்குள் வைத்து, இரண்டு ஜிப்பையும் மூடி, கைப் பகுதியை முறுக்கிப் பிடித்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். ஜிப் முனையிலும் தையலிலும் ஊசித்துளை தெரிந்தால் கறுப்புத் துணி ஒட்டுப் போடலாம். கைப்பகுதி எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள், தையல்காரர் சுலபமாகச் செய்துவிடுவார். ஸ்மார்ட் வாட்ச் கட்டிய கையைப் பைக்குள் விடாதீர்கள். மாதம் ஒரு தடவை பையை உள்வெளியாகத் திருப்பி உதறி, ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பதும் அவசியம். உள்ளே சேரும் தூசிதான் பிலிமில் நிரந்தரப் புள்ளியாகிறது.

டேங்க் ஒழுகுகிறது

மேல் மூடியின் விளிம்பிலும் அது உட்காரும் வளையத்திலும் காய்ந்த ஃபிக்ஸர் படிகம் இருக்கும், விரலால் தடவினால் மணல் மாதிரித் தெரியும். சுடுதண்ணீரில் மூடியை ஊறவிட்டுத் தேயுங்கள், விறைத்துப்போன மூடியும் அதிலேயே கொஞ்சம் இளகும். மூடும்போது நடுவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி விளிம்பைப் பொருத்துங்கள். இன்னொரு விஷயம்: கவிழ்க்கும்போது உள்ளே காற்றின் அழுத்தம் கூடினால் அது மூடியைத் தள்ளி ஒழுகும். முதல் சில கவிழ்ப்புகளுக்குப் பின் மூடியின் ஓரத்தை ஒரு நொடி தூக்கி மறுபடி அமுக்கினால் நிற்கும். திருகு மரையில் விரிசல் விட்டிருந்தால் பசை போட்டு ஒப்பேற்ற வேண்டாம், வெளிச்சமும் அதே வழியாகத்தான் வரும்.

பால் நிற மங்கல், அல்லது பச்சை சிவப்பு மினுக்கம்

பால் நிறமாக மங்கி வந்தால் ஃபிக்ஸ் போதவில்லை, பயப்பட வேண்டாம். புது ஃபிக்ஸரில் வெளிச்சத்திலேயே மறுபடி போட்டு அலசினால் சரியாகும். ஒவ்வொரு தடவையும் வெட்டிப்போடும் பிலிம் முனைத் துண்டை ஃபிக்ஸரில் போட்டு அது தெளிவாக எவ்வளவு நேரம் என்று பாருங்கள், அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். புதிதாகக் கரைத்தபோது எடுத்த நேரத்தைவிட இரட்டிப்பானால் அந்த ஃபிக்ஸர் முடிந்தது. பாட்டிலின் மேலேயே அந்த முதல் நேரத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்.

இளம் ஊதா அல்லது இளஞ்சிவப்புச் சாயல் மட்டும் என்றால் பிலிமின் சாயம், கோடாக் டி-மேக்ஸில் அதிகம். இன்னும் கொஞ்சம் ஃபிக்ஸ், இன்னும் கொஞ்சம் அலசல்.

மேலாகப் பார்த்தால் பச்சையாக மினுங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிவப்பாகத் தெரியும் படலம் வேறு கதை. டெவலப்பரில் ஃபிக்ஸர் கலந்தால் வருவது அது. அதே ஜார், அதே புனல், அதே கலக்கும் குச்சி, நடுவில் ஒரு அவசர அலசல், அவ்வளவுதான் வேண்டும். டெவலப்பருக்கு ஒரு ஜார், ஃபிக்ஸருக்கு ஒரு ஜார் என்று பெர்மனன்ட் மார்க்கரில் எழுதி நிரந்தரமாகப் பிரித்துவிடுங்கள். வேலை முடிந்ததும், பிலிம் தொங்கிய கையோடு, டேங்கையும் மூடிகளையும் ரீலையும் அலசிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஃபிக்ஸர் தண்ணீரிலேயே போகும், காய்ந்துவிட்டால் மரைக்குள் உட்கார்ந்து அடுத்த டெவலப்பரில்தான் கரையும்.

நீளக் கீறல்கள்

ரோல் முழுவதும் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை நேர்க்கோடாக ஓடினால் கேமராவின் பின் தகட்டையோ பிலிம் டப்பாவின் வெல்வெட்டையோ பாருங்கள். நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தால் தண்ணீர் வழிக்கும் ரப்பர் ஸ்குவீஜிதான். அதன் விளிம்பில் ஒரு மணல் துகள் போதும். ஈர எமல்ஷன் ரொம்ப மென்மை, வெயில் காலத்தில் இன்னும் மென்மை. ஸ்குவீஜியைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் என் சிபாரிசு, வெட்டிங் ஏஜென்ட் சரியாக இருந்தால் தண்ணீர் தானாக வழிந்துவிடும். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் வண்டல் இருந்தால் குழாய் வாயில் வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டுங்கள். தொங்கவிடும் குளியலறையில் முதலில் சுவரிலும் தரையிலும் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, பிலிமைக் கட்டியபின் கதவை மூடிவிடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடக் கூடாது.

ஒரு ரோல் அடர்த்தி, அடுத்த ரோல் மெலிவு

தெர்மாமீட்டரைச் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் 0 டிகிரி, அதில் என்ன காட்டுகிறது? மேல் பக்கத்துக்கு, 37 டிகிரி அளவு தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். சிவப்பு ஸ்பிரிட் கோடு நடுவில் அறுந்திருந்தால் குளிர வைத்து முழுவதையும் குமிழுக்குள் இறக்கினால் சேர்ந்துகொள்ளும். ஒரு டிகிரி வித்தியாசம் டெவலப் நேரத்தைச் சுமார் பத்தில் ஒரு பங்கு மாற்றும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

டெவலப்பரை மட்டும் குளிர வைத்து, வெயிலில் காய்ந்த டேங்கில் ஊற்றினால் அது ஏறிவிடும். டேங்க், ஜார், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் ஐஸ் பாக்கெட் போட்ட பக்கெட்டுகளில் ஒன்றாக வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோடையில் 20 டிகிரிக்குப் போராடுவதைவிட 24-இல் நிறுத்தி நேரத்தைக் குறைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும், ஆனால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வராது, டி-76 டெவலப்பர் என்றால் தண்ணீரோடு 1:1 கலந்து நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். அலசலுக்கும் ஓடும் குழாய் வேண்டியதில்லை. டேங்கில் நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி இருபது என்ற இல்ஃபோர்ட் கம்பெனி முறை, எமல்ஷனைக் கெட்டியாக்கும் ஹார்டனர் கலக்காத ஃபிக்ஸருக்குப் போதும், மூன்று டேங்க் தண்ணீரில் முடியும்.

சூடு சரி என்றால் பாட்டில். டி-76 ஸ்டாக் (நீர்க்காத கரைசல்) நிறைந்து இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம் என்பது கோடாக் சொல்லும் கணக்கு. அதனால் ஒரு லிட்டரைச் சின்ன பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். மடிப்பு மடிப்பாக அமுங்கும் பாட்டில்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், மடிப்புக்குள் பிரஷ் போகாது. நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது: ரோடினால் டெவலப்பர் கறுத்தாலும் வேலை செய்யும், எக்ஸ்டால் டெவலப்பர் நிறம் மாறாமலே செத்துப்போகும். பிலிம் முனைத் துண்டை வெளிச்சத்தில் டெவலப்பரில் போடுங்கள், டெவலப் நேரத்துக்குள் நன்றாகக் கறுக்கவில்லை என்றால் ரோலை அதில் இறக்காதீர்கள்.

ஸ்டீல் ரீலில் வழுக்கைத் திட்டுகள்

ஸ்டீல் ரீலுக்குப் பிசுக்குத் தொல்லை குறைவு, சுடுதண்ணீர் போதும், சீக்கிரம் காயும். அதன் எதிரி தரை. ஒரு தடவை கீழே விழுந்து கம்பி அரை மில்லிமீட்டர் வளைந்தாலும் பிலிம் சுற்று தாவி, இரண்டு சுற்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் டெவலப்பரே படாது, திட்டு மங்கலாக நிற்கும், மறுபடி ஃபிக்ஸ் செய்தால் அங்கே படம் இல்லாமல் தெளிந்துவிடும். இரு பக்கச் சுருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நான்கைந்து இடத்தில் ஸ்கேலால் அளந்து பாருங்கள், மாறினால் அந்த ரீலை ஓரங்கட்டுங்கள். வளைத்து நிமிர்த்தியது திரும்ப நேராவதில்லை. பிறை வடிவக் கறுப்புக் கீற்று மட்டும் இருந்தால் ரீல் நல்லதுதான், ஏற்றும்போது பிலிம் மடிந்திருக்கிறது.

பழுப்பு, கறுப்புக் கறைகள்

டேங்கும் ஜாரும் பழுப்பேறுவது ஆக்சிஜன் பட்ட டெவலப்பரின் கறை, தொட்டால் வழவழப்பு இல்லையென்றால் அதனால் பிலிமுக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். ஃபிக்ஸர் பாட்டிலின் அடியில் கறுப்புத் துகள் வெள்ளி சார்ந்த கசடு. காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, முனைத் துண்டு சோதனையில் தேறினால் உபயோகிக்கலாம். அடியில் மஞ்சள் வெள்ளைப் பொடியும் கந்தக நாற்றமும் என்றால் தேறாது. கறையைப் போக்க ப்ளீச்சிங் பவுடரோ திரவ ப்ளீச்சோ எடுக்காதீர்கள். ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் மிச்சத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சன்னல் இல்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பழைய புத்தகங்களில் வரும் டைக்குரோமேட் கந்தக அமிலக் கலவையும் வீட்டுக்கு ஏற்றதல்ல. கறை மிகவும் உறுத்தினால் கையுறை போட்டுக்கொண்டு சிட்ரிக் ஆசிட்டும் பிரஷும், அதற்கும் போகாததை அப்படியே விடுங்கள்.